வேல் என்றோர் இசைத்தொகுப்பு

தைப்பூசத்திற்கு முதல் நாள் மாலையில் ஐ.என்.ஏ. மார்க்கெட்டினுள் நுழைந்தவர்களுக்கு அங்குள்ள நெரிசலைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. ஒருபுறம் மீன் கடைகளின் ஈரம்; மறுபுறம் வாழையிலை, முருங்கைக்காய், தேங்காய், கறிவேப்பிலை. மறுநாள் இராமகிருஷ்ணபுரத்து மலைக்கோயிலுக்குப் பால்குடம் எடுக்கும் குடும்பங்கள், தலைநகரின் தை மாதக் குளிரில் கம்பளிக்குள் ஒடுங்கியவாறு பூவுக்கு விலை பேசிக்கொண்டிருந்தன. அவ்வேளையில் எமக்கு முன்னே நின்ற இளைஞர் ஒருவரின் கைப்பேசியிலிருந்து முருகன் பாட்டு ஒன்று எழுந்தது. பாட்டு நமது பாட்டு, பெண் குரல், ஆனால் உடன் ஒலித்ததோ வீணையுமன்று, நாதஸ்வரமுமன்று. மின்சாரக் கிடாரும் இடியோசை போன்ற தாளமும் சேர்ந்து, கேட்டவர்களைத் திடுக்கிடச் செய்தன.

“ஆண்டவன் பெயரைச் சொல்லி இப்படியா அலறுவது?” என்றார் அருகிலிருந்த பெரியவர்.

“மாமா, இது நம்ம காவடிப் பாட்டுதான்” என்றார் தில்லியிலேயே பிறந்து வளர்ந்த அவ்விளைஞர்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தது சுசீலா ராமன் 2011-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘வேல்’ என்னும் இசைத்தொகுப்பு. பெயரே இவ்வளவு அழகிய தமிழாயிருந்தும், நம் அங்கத்தினர் இல்லங்களில் விசாரித்தால் அதைக் கேட்டவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இது வருந்தத்தக்கது என்பது எம் அபிப்பிராயம்.

சுசீலா ராமன் 1973-இல் இலண்டனில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்தது. வீட்டில் கர்நாடக சங்கீதம். வெளியே வேறு உலகம். இந்த இரட்டை வாழ்வு நம் வீட்டுப் பிள்ளைகளுக்குப் புதிதன்று. சிட்னியில் இளம் பருவத்தில் அவர் தமக்கென ஓர் இசைக்குழு அமைத்து ராக் பாடினார். பிறகு 1995-இல் இந்தியாவுக்கு வந்து சுருதி சடோலிக்கரிடம் இந்துஸ்தானி பயின்றார். 2001-இல் வெளிவந்த அவரது முதல் தொகுப்பான ‘சால்ட் ரெயின்’ பிரிட்டனின் மெர்க்குரி பரிசுக்கான இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அதில் தியாகராஜரும் உண்டு, தீட்சிதரும் உண்டு. சபாக்களில் கேட்டுப் பழகிய சாகித்தியமாதலால் அதனை ஏற்பது எளிதாயிருந்தது. ‘வேல்’ அப்படியன்று. கோவை கமலா என்னும் பக்திப் பாடகியிடம் பழகிக்கொண்ட பாடல்களை அவர் இதில் கையாண்டார். அவை கச்சேரி மேடைக்கு உரியவையல்ல. திருவிழாவில் வியர்வை சிந்தப் பாடப்படுபவை.

இதில் கிடார் வாசித்தவர் அவருடைய கணவர் சாம் மில்ஸ். இவரது பூர்வ கதை சுவையானது. 1979-இல் இலண்டனில் தோன்றிய ‘ட்வென்டி திரீ ஸ்கிடூ’ என்னும் குழுவில் இவர் இருந்தார். அது பங்க் ராக் என்னும் கலகம் ஓய்ந்த கையோடு எழுந்த குழுக்களுள் ஒன்று. பங்க் என்பது யாது? மூன்று சுரக்கட்டுகள் தெரிந்தால் போதும், மனத்திலுள்ளதை உரக்கச் சொல்லலாம், வித்துவான் வேண்டியதில்லை என்று 1970-களின் பிற்பகுதியில் இளைஞர்கள் கிளப்பிய இயக்கம். அப்பள்ளியில் பயின்றவர் பின்னர் வங்கத்து பவன்தாஸ் பாவுலுடன் சேர்ந்து 1997-இல் ‘ரியல் சுகர்’ என்ற தொகுப்பை அளித்தார். ஆகவே காவடிப் பாட்டு அவர் கைக்கு வந்தபோது, அதனைப் பட்டுத்துணியில் சுற்றி மெருகேற்ற வேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. நல்ல வேளை!

‘முருகன் பாட்டுக்கு இத்தனை முழக்கம் தகுமா?’ என்று கேட்போர், பாட்டு எங்கே பிறந்தது என்பதை எண்ணிப்பார்க்க வேண்டும். கழுகுமலை முருகன்மீது காவடிச் சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார் 1891-இல், இருபத்தாறே வயதில் மறைந்தார். அவருக்கு முன்னும் பின்னும் சிந்து நடைக்கு அளவுகோல் காவடி சுமந்தவன் காலடிதான். கொதிக்கும் மண்ணில் நடப்பவன் மெல்ல நடக்க மாட்டான். உறுமியும் பம்பையும் செவியைத் துளைக்க, அருள் வந்து ஆடுபவரைப் பார்த்த எவரும், டிரம் வாத்தியத்தின் முழக்கத்தை அந்நியமென்று தள்ளத் துணியார். இந்த மார்க்கெட் யாருடைய பெயரைத் தாங்கி நிற்கிறதோ, அந்த இந்திய தேசிய இராணுவத்தில் மலாயாவின் தோட்டத் தொழிலாளரான தமிழர் பெருந்திரளாகச் சேர்ந்திருந்தனர். அவர்களுடைய ஊரில், பத்துமலைப் படிகளில், இன்றும் அதே வேகத்தில்தான் காவடி ஏறுகிறது.

நாட்டுப்புறப் பாட்டும் பங்க் இசையும் கூடிக் குலவுவது மேல்நாட்டிலும் நடந்திருக்கிறது. 1977-இல் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரத்துக் கலை மாணவர்கள் தொடங்கிய ‘மீகான்ஸ்’ என்ற பங்க் குழு, 1984-85 நிலக்கரித் தொழிலாளர் வேலைநிறுத்தத்தின்போது அவர்களுக்கு உதவிநிதி திரட்டக் கச்சேரி செய்தது. அக்காலத்தில் அமெரிக்கக் கிராமியப் பாடல்களாகிய ‘கன்ட்ரி’ இசை அவர்களை ஈர்த்தது. பிடிலும் கலகக் கிடாரும் சேர்ந்து 1985-இல் ‘ஃபியர் அண்ட் விஸ்கி’ என்ற தொகுப்பு பிறந்தது. சொந்தச் சிறு நிறுவனத்தின் பெயரில் வெளியிட்டார்கள், வாங்கியவர் சிலரே. பிற்காலத்தில் விமரிசகர்கள் அதனை ஒரு புதிய இசை மரபின் முன்னோடி என்று கொண்டாடினர். சோர்ந்துபோன உழைப்பாளியின் பாட்டுக்கும் கோபம் கொண்ட இளைஞனின் பாட்டுக்கும் இடையே தூரம் அதிகமில்லை என்று அவர்கள் கண்டுகொண்டார்கள்.

‘வேல்’ நம்மவரிடையே பரவாததற்குக் காரணம், அதனை எந்த அலமாரியில் வைப்பது என்று தெரியாததே எனத் தோன்றுகிறது. பக்திப் பாடல் வாங்குபவர் கிடாரைக் கண்டு ஒதுங்குவார்; சபா ரசிகர் ஆலாபனை எங்கே என்பார்; ராக் ரசிகருக்கோ தமிழ் புரியாது. மேலும் குறையில்லாத படைப்பு என்று நாம் வாதாட வரவில்லை. தமிழ் உச்சரிப்பு சிலவிடங்களில் செவியை நெருடுகிறது. தொகுப்பிலுள்ள ஆங்கிலப் பாடல்கள் அருகிலுள்ள தமிழ்ப் பாடல்களின் வேகத்துக்கு முன்னே சற்று வெளிறிப்போகின்றன. ஆயினும் ‘பால்’ என்ற பாடலைக் கேளுங்கள். மெதுவாகத் தொடங்கி, படிப்படியாக மூச்சு வாங்கி, முடிவில் குரலா கருவியா என்று பிரித்தறிய முடியாதபடி ஏறிவிடுகிறது. வீட்டில் தமிழ் பேச மறுக்கும் பிள்ளைகளுக்கு நாம் எத்தனையோ பாடப் புத்தகம் வாங்கித் தருகிறோம். இதை ஒரு முறை சத்தமாக வைத்துப் பார்க்கலாம். அண்டை வீட்டார் கோபித்தால் அது வேறு விஷயம்.

சுசீலா ராமன் அதோடு நின்றுவிடவில்லை. 2014-இல் ‘குவீன் பிட்வீன்’ தொகுப்பில் இராஜஸ்தானத்துப் பாடகர்களோடும் பாகிஸ்தானத்துக் கவாலிப் பாடகர்களோடும் சேர்ந்து பாடினார். அந்த வரலாற்றைப் பிறிதொரு சமயம் எழுதுவோம்.

பூக்கடையில் விவாதம் முடிந்தபாடில்லை. பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே தேங்காய் பொறுக்கினார். அவருடைய மனைவியார் மட்டும் இளைஞரின் கைப்பேசியை வாங்கிக் காதருகே வைத்துப் பாட்டு முடியும்வரை நின்றார். பிறகு திருப்பிக் கொடுத்து, “நல்லாத்தான் பாடுது அந்தப் பொண்ணு. ஆனா எங்க ஊர்ல இதைவிட வேகமாப் பாடுவோம், தம்பி” என்றார்.