ஒரு முடியில் மூன்று நிறம்

காட்டு முயலின் முதுகு முடி ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நுனி கறுத்திருக்கும். அதற்குக் கீழே மஞ்சள் கலந்த பழுப்பில் ஒரு பட்டை. அடிப்பக்கம் வேறொரு சாயல். முடி வளர வளர, வேரிலுள்ள நிறச் செல்கள் முதலில் கருநிறமியைச் சுரந்து, சிறிது காலம் மஞ்சளுக்கு மாறி, மறுபடியும் திரும்பிவிடுகின்றன. இப்படி ஆயிரமாயிரம் முடிகள் சேரும்போது, உழுத வயலில் அசையாமல் படுத்திருக்கும் முயல் நம் கண்ணுக்கு மண்ணாகவே தெரிகிறது. படைத்தவன் ஓர் எளிய பிராணியின் மேல் இவ்வளவு கவனம் வைத்திருக்கிறான்!

ஜெர்மனியின் நியூரம்பெர்க் நகரத்து ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரருக்கு நிறமியைப் பற்றி எதுவும் தெரிந்திருக்க வழியில்லை. ஆனால் 1502-இல் அவர் வரைந்த முயலைப் பார்த்தால், அந்த ரகசியம் அவர் கைக்குத் தெரிந்திருந்தது என்றே தோன்றுகிறது. சுமார் 25 செ.மீ. உயரமுள்ள சிறிய தாள்தான். உடல் முழுக்கப் பழுப்பு நீர்வண்ணத்தை மெல்லப் பூசி, அதன்மேல் கருங்கோடும் வெண்கோடுமாக ஒவ்வொரு முடியாக இழுத்திருக்கிறார். முதுகில் படிந்து ஓடும் முடி மார்பில் அடர்ந்து நிற்கிறது, காதில் குறுகுகிறது, தொடையில் சுழன்று திரும்புகிறது. மீசை மயிர்கள் தனித்தனியே நீள்கின்றன. அந்த மீசையின் ஒவ்வொரு வேரைச் சுற்றியும் இரத்தம் நிறைந்த ஒரு சிறு பையும் நரம்புகளும் உண்டு. முயலுக்கு இருட்டில் வழிகாட்டுபவை அவை. பின்னணியில் புல் இல்லை, மரம் இல்லை. முயலும் அதன் நிழலும் மட்டுமே. கண்ணை நெருங்கிப் பார்த்தால் பாவையில் ஒரு ஜன்னலின் பிரதிபலிப்பு மின்னுகிறது. கடவுளையும் அரசர்களையும் தீட்டிய அதே கை, ஒரு முயலுக்கும் குறைவில்லாத மரியாதையைக் கொடுத்திருக்கிறது. வெளிச்சம் பட்டால் வண்ணம் மங்கும் என்பதால், வியன்னாவின் ஆல்பர்டினா அருங்காட்சியகம் மூலப் படத்தை அரிதாகவே வெளியில் எடுக்கிறது.

சுமார் நூறு ஆண்டுகள் கழித்து முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் அவையில் பிறந்த ஒரு படத்தை, இப்போது லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருப்பதை, இதன் பக்கத்தில் வைக்கலாம். பொன்னிறப் பின்னணி, இலையுதிர்காலச் சினார் மரம், கிளையெங்கும் சிவப்பு அணில்கள். நம் முற்றத்து மூவரி அணில் அல்ல, இந்தியக் காடுகளிலேயே இல்லாத இனம். வரைந்தவர் அபுல் ஹசன் என்கிறார்கள். அதே அவையின் இன்னோர் ஓவியரான மன்சூரின் பெயரும் சேர்த்தே சொல்லப்படுகிறது. ஒன்று தாவ, ஒன்று பொந்திலிருந்து எட்டிப் பார்க்க, அடிமரத்தில் வெறுங்காலோடு ஒருவன் ஏற முயல்கிறான். முகலாய ஓவியர்களின் மிக நுண்ணிய தூரிகை அணிலின் வால்முடியைக் கட்டிச் செய்யப்பட்டது. நுனியில் ஒற்றை முடியாகக் கூரும் அது. அணிலின் மென்மையைத் தீட்ட அணிலின் முடியைவிடத் தகுந்த கருவி வேறு எது? அந்த வளைவும் கூர்மையும் எந்தப் பட்டறையிலும் செய்ததல்ல, அப்படியே வளர்ந்தது.

இங்கிலாந்தின் மரச்செதுக்குக் கலைஞர் தாமஸ் பியூவிக்குக்குத் தூரிகை இல்லை, உளிதான். வளர்ச்சி மெதுவான பாக்ஸ் மரத்தைக் குறுக்கே அறுத்த கட்டையில் அவர் செதுக்கிய விலங்குகள் 1790-இல் நூலாக வந்தன. உளி தொட்ட இடம் வெள்ளையாகவும் தொடாத இடம் கறுப்பாகவும் அச்சாகும். ஆக, அவர் செதுக்கியது ரோமத்தின் மேல் விழும் ஒளியை. அந்நூலில் அகழெலி போன்ற மோலுக்கும் இடம் உண்டு. அதன் ரோமத்துக்கு முன்பின் என்ற திசையே கிடையாது. எப்பக்கம் தடவினாலும் வழவழப்பாகப் படியும். குறுகிய சுரங்கத்தில் முன்னும் பின்னும் ஓட வேண்டிய உயிர் அது. ஒரு பக்கம் மட்டுமே படியும் முடியாக இருந்தால், பின்வாங்கும்போதெல்லாம் மண்ணில் சிக்கிக்கொள்ளும்.