ஆழம் தெரியாமல் காலை விடாதே!

(சாரணியர் படையின் குகைச் சுற்றுலாத் திட்டம் – ஒரு விளக்கம்)
எழுதியவர்: ஒன்பதாம் வகுப்பு மாணவி, சாரணியர் படை



சுற்றுலா என்றாலே நமக்கு வண்டலூர், மாமல்லபுரம், கிண்டி பாம்புப் பண்ணை இதுதான் ஞாபகம் வரும். இந்த வருஷம் எங்க சாரணியர் படை ஒரு குகைக்குப் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். சொன்ன உடனே வகுப்பில் கேட்ட கேள்வி, "மஞ்சும்மல் பாய்ஸ் மாதிரியா?" வீட்டில் கேட்ட கேள்வி, "எதுக்குடி இந்த வம்பு?"

எங்க படையில் 24 பேர். அதில் 9 பேர் வீட்டில்தான் சம்மதக் கடிதத்தில் கையெழுத்து போட்டிருக்காங்க. மீதி 15 வீட்டிலும் என்ன காரணம் சொன்னாங்களோ அதை அப்படியே ஒரு நோட்டில் எழுதிட்டு வரச் சொன்னாங்க எங்க மிஸ். "பயப்படுறவங்க கேக்குற கேள்விக்கு ஒழுங்கா பதில் எழுதினா அதுதான் திட்டம்" என்றும் சொன்னாங்க. அந்தக் கேள்விகளும் பதில்களும்தான் இந்தக் கட்டுரை.

கேள்வி 1: எந்தக் குகை?

குகை எல்லாம் ஒன்று இல்லை. குறைந்தது மூன்று வகை தெரிந்திருக்கணும்.

முதல் வகை குடைவரை. மனிதன் உளியால் பாறையைக் குடைந்து செய்தது. நமக்குப் பக்கத்திலேயே பல்லாவரத்தில் ஒன்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டில் முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்தது. அவனுடைய பட்டப்பெயர்கள் அதில் வெட்டப்பட்டிருக்கின்றன. இன்று அது தர்காவாக வழிபாட்டில் இருக்கிறது. மாமல்லபுரத்து வராக மண்டபமும் மகிஷாசுரமர்த்தினி மண்டபமும் இதே வகைதான்.

இரண்டாவது வகை சுண்ணாம்புக்கல் குகை. தண்ணீர் பாறையைக் கரைத்துக் கரைத்து நிலத்துக்கு அடியில் நீளமாகப் போகும். உள்ளே கும்மிருட்டு. ஆந்திராவில் இருக்கிற பெலும் குகை 3 கிலோமீட்டருக்கு மேல் நீளம். இது ஒரே நாளில் போய் வருகிற தூரம் இல்லை.

மூன்றாவது வகை பாறை ஒதுக்கு. பாறை கூரை மாதிரி நீட்டிக்கொண்டு, முன்பக்கம் திறந்து இருக்கும். வெளிச்சம் உள்ளே வரும். திருவள்ளூர் மாவட்டத்தில் பூண்டிக்கு அருகே இருக்கும் குடியம் குகை இந்த வகை.

கொடைக்கானல் குணா குகை இதில் எதிலும் சேராது. அது பெரிய பாறைகளுக்கு நடுவே இருக்கிற ஆழமான இடுக்கு. 2006இல் அதில் ஒருவர் விழுந்து, அவருடைய நண்பரே கயிறு கட்டி இறங்கி மேலே கொண்டுவந்தார். அதைத்தான் 2024இல் படமாக எடுத்தார்கள். குடியத்தில் அந்த மாதிரி இடுக்கில் நாங்கள் இறங்கப் போவதில்லை. நின்று அண்ணாந்து பார்க்கிற குகைக்குத்தான் போகப் போகிறோம். இதைச் சொன்ன உடனே மூன்று வீட்டில் கையெழுத்து கிடைத்துவிட்டது!

கேள்வி 2: அங்க போய் என்னத்தைக் கத்துக்கப் போறீங்க?

இது என் பாட்டி கேட்ட கேள்வி. இதற்குப் பதில் குடியத்தில் தொடங்கவில்லை, நம்ம பல்லாவரத்தில்தான் தொடங்குகிறது.

1863ஆம் ஆண்டு மே 30. ராபர்ட் புரூஸ் பூட் என்ற நிலவியல் அறிஞர் பல்லாவரம் ராணுவ அணிவகுப்பு மைதானத்துப் பக்கம் இருந்த ஒரு சரளைக் குழியில் ஒரு கல்லைப் பார்த்தார். பார்க்கிறவங்களுக்கு அது வெறும் கல். அவருக்கு அது மனிதன் கையால் செதுக்கிய கருவி என்று தெரிந்தது. இந்தியாவில் பழைய கற்கால மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்று உலகத்துக்குத் தெரிந்தது அந்தக் கல்லால்தான். மேடவாக்கம் கூட்ரோட்டில் பஸ் ஏறினால் போய்விடுகிற ஊர் அது!

அதே வருஷம் செப்டம்பரில் பூட், வில்லியம் கிங் என்பவரோடு சேர்ந்து கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் நிறைய கைக்கோடரிகளைக் கண்டுபிடித்தார். பல வருஷம் கழித்து சாந்தி பப்பு என்ற தொல்லியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் அங்கே அகழாய்வு செய்தார்கள். அங்கே கிடைத்த மிகப் பழைய கருவிகளுக்கு 15 லட்சம் வருஷம் வயது என்று 2011இல் அறிவித்தார்கள். இராஜராஜ சோழன் பெரிய கோயில் கட்டி ஆயிரம் வருஷம்தான் ஆகிறது. 15 லட்சம் என்றால் அந்த மாதிரி ஆயிரத்து ஐந்நூறு ஆயிரம்!

சரி, அந்த மனிதர்கள் ஏன் இந்தப் பகுதியில் வாழ்ந்தார்கள்? பதில் பாறையிலேயே இருக்கிறது. குடியம் பக்கத்து அல்லிக்குழி மலையில் கூழாங்கற்களைக் களிமண்ணும் மணலும் போட்டு ஒட்டவைத்த மாதிரி பாறை இருக்கும். கடலை உருண்டையில் கடலை துருத்திக்கொண்டு இருக்குமே, அப்படி! அந்தக் கூழாங்கற்களில் நிறைய குவார்ட்சைட் என்ற கெட்டியான கல். அதை உடைத்தால் கூர்மையான விளிம்பு கிடைக்கும். கருவி செய்யக் கல், குடிக்க ஆற்றுத் தண்ணீர், ஒதுங்கப் பாறை. மூன்றும் ஒரே பகுதியில் கிடைத்தன.

குடியம் குகையில் 1962 முதல் 1964 வரை இந்தியத் தொல்லியல் துறை தோண்டிப் பார்த்தது. கைக்கோடரி காலத்திலிருந்து சின்னச் சின்ன நுண்கற்கருவி காலம் வரைக்கும் கருவிகள் கிடைத்தன. அதாவது, மனிதர்கள் திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வந்திருக்கிறார்கள். சமூக அறிவியல் புத்தகத்தில் இரண்டு பக்கத்தில் படிக்கிற பாடத்தை அங்கே நின்று பார்க்கலாம்.

(என் பாட்டி இதைக் கேட்டுவிட்டு, "அப்போ கல்லு பொறுக்கவா போறீங்க?" என்றார்கள். அதற்கும் பதில் கடைசியில் இருக்கிறது.)

கேள்வி 3: மழை வந்தா?

இதுதான் ரொம்ப முக்கியமான கேள்வி. 2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தில் 12 பையன்களும் அவர்களுடைய கால்பந்துப் பயிற்சியாளரும் தாம் லுவாங் என்ற குகைக்குள் போனார்கள். அவர்கள் உள்ளே இருக்கும்போதே மழை வெள்ளம் புகுந்து வழியை அடைத்துவிட்டது. ஜூலை 2 அன்றுதான் அவர்கள் உயிரோடு இருப்பதே தெரிந்தது. ஜூலை 10க்குள் 13 பேரையும் காப்பாற்றிவிட்டார்கள். ஆனால் அவர்களுக்காக உள்ளே போன சமன் குனான் என்ற முன்னாள் கடற்படை வீரர் உயிரை இழந்தார்.

நமக்கும் தண்ணீர் எவ்வளவு சீக்கிரம் ஏறும் என்று தெரியும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் எப்படி இருந்தது என்று நாம்தான் பார்த்தோமே! குடியம், தாம் லுவாங் மாதிரி நீளமான சுரங்கக் குகை இல்லை. ஆனாலும் காட்டுப் பாதையில் ஓடை வரும், பாறை வழுக்கும்.

அதனால் அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் கிடையாது. ஏப்ரல், மே வெயிலில் பாறை அடுப்பு மாதிரி சுடும். மார்ச்சில் பரீட்சைக்குப் படிக்கணும். மிச்சம் இருப்பது ஜனவரி கடைசியும் பிப்ரவரியும். நாங்கள் குறித்திருப்பது பிப்ரவரி முதல் சனிக்கிழமை. அதற்கு முந்தைய இரண்டு நாளில் அங்கே மழை பெய்தால் பயணம் தள்ளிப்போகும். "பணம் கட்டிட்டோமே" என்று யாரும் கேட்கக் கூடாது.

கேள்வி 4: யாராவது தொலைஞ்சு போயிட்டா?

தாம் லுவாங்கில் அந்தப் பையன்கள் உள்ளேதான் இருக்கிறார்கள் என்று எப்படித் தெரிந்தது தெரியுமா? குகை வாசலில் நின்ற அவர்களுடைய சைக்கிள்களும் பைகளும்தான் காட்டிக்கொடுத்தன. இதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்ட பாடம்: போகிற இடமும் திரும்புகிற நேரமும் வெளியே இருக்கிற ஒருத்தருக்குத் தெரிந்திருக்கணும்.

எங்கள் ஏற்பாடு இதுதான்.
1. முதலில் இரண்டு ஆசிரியர்கள் போய் இடத்தைப் பார்த்துவிட்டு வருவார்கள். செல்போன் சிக்னல் எந்த இடம் வரைக்கும் கிடைக்கிறது என்று குறித்துக்கொண்டு வருவார்கள்.
2. அது காப்புக்காடு. வனத்துறை அனுமதி எழுத்தில் வாங்கணும். வழி தெரிந்த ஊர்க்காரர் ஒருத்தர் கூட வரணும்.
3. நேரப் பட்டியலின் ஒரு பிரதி தலைமையாசிரியரிடம், ஒரு பிரதி ஒவ்வொரு வீட்டிலும் இருக்கும்.
4. ஆறு ஆறு பேராக நாலு அணி. அணிக்கு ஒரு பெரியவர். அணிக்குள் இரண்டு இரண்டு பேர் ஜோடி. ஜோடியை விட்டு யாரும் நகரக் கூடாது.
5. கிளம்பும்போது, குகையில், திரும்பும்போது, வேனில் என்று நாலு தடவை தலை எண்ணணும்.

நேரம்: காலை 5.30க்குப் பள்ளியிலிருந்து வேன். 8 மணிக்குக் குடியம் கிராமம். அங்கிருந்து நடை. பார்த்து முடித்தாலும் முடிக்காவிட்டாலும் 11.30க்குக் குகையிலிருந்து கிளம்பிடணும். மதியம் சாப்பிட்டுவிட்டு பூண்டியில் இருக்கிற தமிழ்நாடு தொல்லியல் துறையின் அருங்காட்சியகம். (அன்று திறந்திருக்குமா என்று முன்னாடியே கேட்டு வைக்கணும்.) 1944இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்தையும் பார்க்கலாம். சென்னைக்குக் குடிதண்ணீர் தருகிற ஏரிகளில் அதுவும் ஒன்று. மாலை 6.30க்கு மேடவாக்கம்.

கேள்வி 5: வீசிங் இருக்கிற பொண்ணு என்ன பண்ணுவா?

எங்க அணியில் ஒருத்திக்கு வீசிங் உண்டு. "அவளை விட்டுட்டுப் போங்க" என்று அவள் வீட்டிலேயே சொல்லிட்டாங்க. ஆனால் அவள்தான் எங்க படையில் முடிச்சு போடுவதில் முதல் ஆள். அவள் இல்லாமல் போக எங்களுக்கு மனசு வரவில்லை.

மலை ஏறுகிறவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. மெதுவாக நடக்கிறவங்களைக் கடைசியில் விடக் கூடாது, முன்னாடி விடணும். அப்போதான் வரிசை முழுக்க அவங்க வேகத்தில் போகும், யாரும் பின்தங்க மாட்டாங்க. அதனால் அவள் வரிசையில் இரண்டாவது ஆள். டாக்டரிடம் கேட்டு அவர் சரி என்றால்தான் வருவாள். இன்ஹேலர் ஒன்று அவளிடம், ஒன்று மிஸ்ஸிடம். அரை மணிக்கு ஒருமுறை எல்லாருக்கும் ஓய்வு. அவளுக்காக என்று தனியாகச் சொல்லப் போவதில்லை, ஏன்னா எல்லாருக்கும்தான் மூச்சு வாங்கும்!

கேள்வி 6: பாத்ரூம்?

அம்மாக்கள் நிறைய பேர் கேட்டது இதுதான். காட்டுக்குள் கழிப்பறை கிடையாது. வழியில் பெட்ரோல் பங்கில் ஒரு தடவை, குடியம் ஊரில் ஒரு தடவை நிறுத்துவோம். ஊரில் எந்த இடம் என்று முன்னாடி போகிற மிஸ் பேசிவிட்டு வருவாங்க. இதற்கு மேலும் அவசரம் என்றால், நாலு கம்பும் இரண்டு பெட்ஷீட்டும் வைத்து மறைப்பு கட்ட எங்களுக்குத் தெரியும். சாரணியர் முகாமில் கற்றுக்கொண்டதுதான். தேவையான நாப்கினும், பயன்படுத்தியதைத் திரும்பக் கொண்டுவர உறையும் முதலுதவிப் பெட்டியிலேயே இருக்கும். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் வருவதுதான் ஆபத்து. மயக்கம் வரும்.

கேள்வி 7: தேனீ, பாம்பு எல்லாம் இருக்குமே?

இருக்கும். அது அவங்க வீடு. நாம்தான் விருந்தாளி. பெரிய பாறை முகட்டில் மலைத்தேனீ கூடு கட்டுவது வழக்கம். அதனால் சென்ட், வாசனை எண்ணெய், மல்லிப்பூ எதுவும் கிடையாது. புகை கூடாது. கத்தக் கூடாது. குகைக்குப் பக்கத்தில் விசில்கூட அடிக்கக் கூடாது, கையைத் தூக்குவதுதான் சைகை. தேனீ கிளம்பினால் கையை வீசி அடிக்காமல், ஸ்கார்ஃபால் முகத்தை மூடிக்கொண்டு அந்த இடத்தை விட்டு ஓடணும்.

பாம்புக்கு: எல்லாரும் ஷூ போடணும். கம்பால் தரையைத் தட்டிக்கொண்டு நடக்கணும். கை தெரியாத பொந்தில் கை வைக்கக் கூடாது. கடித்துவிட்டால் வெட்டுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. கடிபட்ட இடத்தை அசைக்காமல் படுக்கவைத்து, 108க்குச் சொல்லி, அரசு மருத்துவமனைக்குப் போவதுதான் வைத்தியம்.

கேள்வி 8: எவ்வளவு செலவு?

வேன் வாடகையைப் பங்கு போட்டால் ஒருத்தருக்கு 300 ரூபாய். காலைச் சாப்பாடும் மதியச் சாப்பாடும் வீட்டிலிருந்து. பணத்துக்காக ஒருத்திகூட நிற்கக் கூடாது என்பது எங்க படையின் முடிவு. இப்போதிருந்தே பழைய நோட்டு, பேப்பர் சேர்த்து காயலான் கடையில் போட்டு வருகிறோம். அந்தப் பணம் மிஸ்ஸிடம் இருக்கிறது. யாருக்குக் கொடுத்தாங்க என்று எங்களுக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம்.

ஒவ்வொருத்தரும் கொண்டுவர வேண்டியது
தண்ணீர் 2 லிட்டர், தொப்பி, டார்ச் (ஜோடிக்கு ஒன்று), உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட், நோட்டு, பென்சில், குப்பை போட ஒரு பை. நகை வேண்டாம். செல்போன் ஆசிரியர்களிடம் மட்டும்.

கடைசியாக, என் பாட்டிக்குப் பதில்

நாங்கள் கல் பொறுக்கப் போகவில்லை. கைக்கோடரி மாதிரி ஒன்று கண்ணில் பட்டாலும் எடுக்கக் கூடாது. ஏன்னா ஒரு கல் எந்த இடத்தில், எந்த மண் அடுக்கில், எதுக்குப் பக்கத்தில் கிடந்தது என்பதில்தான் பாதி வரலாறு இருக்கிறது. நம்ம வீட்டு ஷோகேஸுக்கு வந்துவிட்டால் அது வாய் பேசாத கல். பார்த்த இடத்திலேயே விட்டுவிட்டு, படம் வரைந்து, ஆசிரியரிடம் சொன்னால் போதும். பாறையில் பெயர் கிறுக்குவதும் கூடாது. லட்சக்கணக்கான வருஷம் வந்து போன மனிதர்கள் யாரும் அங்கே பெயர் எழுதி வைக்கவில்லை!

கல்லைப் பார்க்க ஆசை உள்ளவர்கள் எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போகலாம். பூட் சேகரித்தவற்றை 1904இல் அரசு வாங்கி அங்கேதான் வைத்தது.

அறிவிப்பு: பயணத்துக்கு முந்தைய சனிக்கிழமை காலை பல்லாவரம் வரை ஒரு பயிற்சி நடை. படையில் இல்லாதவர்களும், தம்பி தங்கைகளும் அதற்கு வரலாம். வரிசை, தலை எண்ணுதல், சைகை எல்லாம் அன்றைக்கே பழகிவிடலாம்.

இந்தப் பலகையில் கட்டுரை ஒட்டுகிற இன்று வரை 17 கையெழுத்து வந்திருக்கிறது. இன்னும் 7 வீடு பாக்கி. உங்களுக்கும் ஏதாவது சந்தேகம் இருந்தால் கீழே ஒட்டியிருக்கிற வெள்ளைத் தாளில் எழுதுங்கள். கேலியாக இருந்தாலும் பரவாயில்லை, எழுதுங்கள். எங்களுக்குத் தோன்றாத கேள்வி உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். பதில் தெரியாத கேள்வி ஒன்று மிச்சம் இருந்தாலும் வேன் கிளம்பாது என்று மிஸ் சொல்லியிருக்காங்க.

சாரணியரின் குறிக்கோள்: தயாராக இரு!