பரணில் தூங்கும் பெட்ரோமாக்ஸ்!

2011-ம் ஆண்டு டிசம்பர் 30-ந் தேதி. காலை நேரம். "தானே" புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது.

மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. கடலூர் மாவட்டம் இருண்டது. பல கிராமங்களுக்கு மின்சாரம் திரும்பி வரப் பல நாட்கள் பிடித்தன.

இப்படிப்பட்ட வேளையில்தான் பரண் நினைவுக்கு வருகிறது. தாத்தா காலத்துப் பெட்ரோமாக்ஸ் அங்கேதானே இருக்கிறது!

இறக்குகிறார்கள். தூசு தட்டுகிறார்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் காற்று அடிக்கிறார்கள். "புஸ்" என்கிறது பம்ப். காற்று ஏறவில்லை. அல்லது குபீர் என்று தீ எழும்புகிறது!

குற்றம் விளக்கின் மேல் அல்ல. பல வருஷம் கவனிக்காமல் போட்டுவிட்டு, புயல் இரவில் வேலை வாங்கினால் அது என்ன செய்யும்?

கல்யாணமும் கூத்தும்

சிதம்பரம், கடலூர் பக்கத்தில் ஒரு காலத்தில் இந்த விளக்கு இல்லாமல் மாப்பிள்ளை ஊர்வலம் கிடையாது. விடிய விடிய நடக்கும் தெருக்கூத்துக்கும் இதுதான் வெளிச்சம். "காஸ் லைட்" என்றுதான் ஜனங்கள் சொன்னார்கள்.

பெர்லின் நகரத்து மாக்ஸ் கிரேட்ஸ் என்பவர் செய்த விளக்கு இது. "பெட்ரோலிய"மும் "மாக்ஸ்"சும் சேர்ந்து பெட்ரோமாக்ஸ் ஆயிற்று.

இதற்குத் திரி இல்லை. மண்ணெண்ணெய் சூடான குழாயில் ஏறி ஆவியாகிறது. நிப்பிளின் சிறு துளை வழியே சீறி, மேண்டிலில் எரிகிறது. ஆஸ்திரியாவின் கார்ல் அவுர் என்ற விஞ்ஞானி 1885-ல் கண்டுபிடித்தது மேண்டில். பின்னால் அதற்குத் தோரியம் சேர்த்தார்கள்.

அந்தத் தோரியம் நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலும் உண்டு! 1909-ல் ஷாம்பர்க் என்ற ஜெர்மானியர் கண்டுபிடித்தார். கப்பலில் போன தேங்காய் நார்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணல்தான் துப்புக் கொடுத்ததாம்.

எங்கே கோளாறு?

முதலில் பம்பைக் கழற்றுங்கள். உள்ளே தோல் வாஷர் இருக்கும். காய்ந்து சுருங்கியிருந்தால் காற்று ஏறாது. எண்ணெயில் ஊற வைத்துப் பிசைந்தால் மிருதுவாகும். கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

பழைய மண்ணெண்ணெய் அடியில் பிசினாகப் படிந்திருக்கும். புது மண்ணெண்ணெய் கொஞ்சம் விட்டு, குலுக்கிக் கொட்டுங்கள். அழுக்கு நிற்கும்வரை செய்யுங்கள். நிப்பிளில் அடைப்பு இருந்தால் அதற்குரிய ஊசியால்தான் குத்த வேண்டும். கையில் கிடைத்த ஊசியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும்.

பிறகு தீ வைக்காமல் காற்று மட்டும் அடித்து, தொட்டியின் மேல் சோப்பு நீர் தடவுங்கள். குமிழி வருகிறதா? ஓட்டை இருக்கிறது! அந்த விளக்கைக் கொளுத்தவே கூடாது.

தொட்டியில் முக்கால் பங்குக்கு மேல் எண்ணெய் வேண்டாம். பெட்ரோல் ஊற்றினால் உயிருக்கே ஆபத்து. வெட்டவெளியில் வைத்து, முதலில் ஸ்பிரிட் எரித்துக் குழாயைச் சூடாக்குங்கள். அவசரப்பட்டால் எண்ணெய் ஆவியாகாமல் நீராகவே பீறிட்டுத் தீப்பிடிக்கும். அப்போது காற்றுத் திருகைத் திறந்துவிட்டால் தீ தணியும். பூட்டிய அறையில் எரிய விட்டுத் தூங்கக் கூடாது. நச்சுப் புகை ஆளைக் கொல்லும்.

ஒரு தரம் எரிந்த மேண்டில் வெறும் சாம்பல் வலை. தொட்டால் போச்சு! "வைதேகி காத்திருந்தாள்" (1984) படத்தில் கவுண்டமணி கடையில் செந்தில் செய்த வேலை நினைவிருக்கும். உடைந்த சாம்பலை வாயால் ஊதாதீர்கள். தோரியத்துக்கு லேசான கதிர்வீச்சு உண்டு. ஈரத் துணியால் துடைத்துக் கையைக் கழுவுங்கள். குழந்தைகள் பக்கத்தில் வரக்கூடாது. தோரியம் இல்லாத மேண்டிலும் இப்போது வருகிறது.

இதையெல்லாம் ஐப்பசி பிறக்கும் முன்பே, பகல் வெளிச்சத்தில் செய்துவிடுங்கள். திரும்பப் பரணில் ஏற்றும்போது தொட்டியில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இருக்க வேண்டாம். வாஷருக்கு இரண்டு சொட்டு விட்டு, துணியில் சுற்றி வையுங்கள்.