தருக்கத் தொகுப்பில் வேக உகப்பாக்கம்

தருக்கத் தொகுப்பு என்பது வெரிலாக், விஎச்டிஎல் போன்ற வன்பொருள் விவரிப்பு மொழிகளில் எழுதப்பட்ட வடிவமைப்பைத் தருக்க வாயில்களின் வலையாக மாற்றும் பணி ஆகும். இதனை மென்பொருள் செய்கிறது. ஒரே செயலைச் செய்யும் சுற்றைப் பல விதங்களில் அமைக்கலாம். அவற்றுள் தேவையான கடிகார வேகத்தை எட்டும் அமைப்பை உருவாக்குவது வேக உகப்பாக்கம் எனப்படும்.

வேகத்தைத் தீர்மானிக்கும் பாதை

ஒரு பிளிப்-பிளாப்பிலிருந்து கடிகாரத் துடிப்பில் புறப்படும் குறிகை, இடையிலுள்ள வாயில்களைக் கடந்து, அடுத்த துடிப்புக்குச் சற்று முன்பே அடுத்த பிளிப்-பிளாப்பை அடைந்து நிலைபெற வேண்டும். இந்த முன்னிடைவெளி அமைவு நேரம் எனப்படும்.

எடுத்துக்காட்டாக, குறிகை புறப்பட 0.1 நானோநொடி, வாயில்களைக் கடக்க 0.8 நானோநொடி, அமைவு நேரம் 0.1 நானோநொடி எனக் கொள்வோம். மொத்தம் 1 நானோநொடி. எனவே கடிகார வேகம் 1 கிகாகெர்ட்சைத் தாண்ட முடியாது. 1.25 கிகாகெர்ட்சு வேண்டுமானால் 0.2 நானோநொடியைக் குறைக்க வேண்டும். மிக அதிகத் தாமதம் உடைய பாதையே சுற்றின் வேகத்துக்கு எல்லை வகுக்கிறது. மற்ற பாதைகளை எவ்வளவு விரைவாக்கினாலும் பயன் இல்லை.

முக்கிய உத்திகள்

• அடுக்குகளைக் குறைத்தல்: எட்டு உள்ளீடுகளை இரு-உள்ளீட்டு உம்மை வாயில்களால் வரிசையாக இணைத்தால் ஏழு அடுக்குகள் வரும்; மர வடிவில் இணைத்தால் மூன்றே போதும். இரண்டிலும் வாயில்களின் எண்ணிக்கை ஏழுதான்.

• தாமதமாக வரும் குறிகை: ஓர் உள்ளீடு மட்டும் பிந்தி வந்தால், அதனை வெளியீட்டுக்கு அருகிலுள்ள வாயிலில் இணைப்பர்.

• கூட்டியின் வகை: எளிய கூட்டியில் மிகுதி எண் ஒவ்வோர் இடமாக நகர்கிறது. 1973 இல் வெளியான கோகி-இசுடோன் முறையில், 64 பிட்டுகளுக்கான மிகுதிகளை ஆறு அடுக்குகளில் கணிக்கலாம். ஆனால் வாயில்களும் கம்பிகளும் பெருகும்.

• வாயில் அளவு: பெரிய வாயில் அதிகச் சுமையை விரைவாக இயக்கும். ஆயினும் தனக்கு முந்தைய வாயிலுக்கு அதுவே கூடுதல் சுமையாகும்.

• பிளிப்-பிளாப்பை நகர்த்தல்: அடுத்தடுத்த இரு கட்டங்களின் வாயில் தாமதம் 1.2, 0.6 நானோநொடி எனில், இடையிலுள்ள பிளிப்-பிளாப்புகளை நகர்த்தி இரண்டையும் 0.9 நானோநொடிக்கு அருகில் கொண்டுவரலாம்.

வேகத்தின் விலை

வேகம் கூடும்போது பெரும்பாலும் சில்லின் பரப்பும் மின்செலவும் கூடுகின்றன. ஆகவே நேரம் மிஞ்சும் பாதைகளில் சிறிய, மெதுவான வாயில்களை வைத்து மின்சாரம் சேமிக்கப்படுகிறது.

எந்தப் பாதைக்கு எவ்வளவு நேரம் என்பதை வடிவமைப்பாளரே மென்பொருளுக்குக் கூற வேண்டும். உண்மையில் பயன்படாத பாதையை விலக்காவிட்டால், மென்பொருள் அதனை விரைவாக்க வீணாக முயலும். முக்கியமான பாதையைத் தவறுதலாக விலக்கினால், நேரச் சோதனையில் பிழை தெரியாது. தயாரித்து முடித்த சில்லு தவறான விடை தரக்கூடும். மேலும் இக்கட்டத்தில் கம்பிகளின் நீளம் மதிப்பீடு மட்டுமே என்பதால், வாயில்களை இடம் அமைத்துக் கம்பிகளை இணைத்த பின்னரும் நேரச் சோதனை செய்யப்படுகிறது.