முள் தெரியாத கள்ளியிடம்தான் கவனம் வேண்டும்

நர்சரியில் இரண்டு தொட்டிகள் அடுத்தடுத்து இருக்கின்றன. ஒன்றில் ஓர் அங்குலத்துக்கும் மேல் நீண்ட மஞ்சள் முட்களோடு உருண்டு திரண்ட பீப்பாய்க் கள்ளி. மற்றொன்று ‘பன்னி இயர்ஸ்’ என்ற பெயரில் விற்கும் தட்டை மடல் கள்ளி. இதில் பெரிய முள் ஒன்றுகூட இல்லை, மடல் முழுக்க வெல்வெட்டுப் பொட்டுகள்தான். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருப்பவர்கள் இரண்டாவதை எடுத்துப் போவார்கள். எடுக்கக் கூடாதது அதுதான்.

அந்தப் பொட்டு ஒவ்வொன்றும் ஒரு சுணைக்கற்றை. முடியைப் போன்ற மெல்லிய இழை ஒவ்வொன்றிலும் பின்னோக்கிய நுண்கொக்கிகள் உண்டு. லேசாக உரசினாலே செடியிலிருந்து கழன்று தோலில் ஏறும். ஏறியது லேசில் வெளியே வராது. நம் ஊர் வேலியோரச் சப்பாத்திக்கள்ளியிலும் இதே சுணைதான். அதன் பழத்தை அவசரமாகக் கடித்த நாக்குக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இந்தப் பழம் பறிக்கும் தொழிலாளர்களுக்கு வரும் சிரங்கு போன்ற தோல் அழற்சியை இஸ்ரேலிய மருத்துவர்கள் தனி நோயாகவே பதிவு செய்திருக்கிறார்கள்.

தொட்டி மாற்றுவதற்குச் சில நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். காய்ந்த மண் தொட்டிச் சுவரை விட்டுத் தானே பிரியும், செடியைப் பிடித்து இழுக்கும் வேலை மிச்சம். தொட்டியைச் சாய்த்து நாலு பக்கமும் தட்டி, அடித்துளை வழியே ஒரு பென்சிலால் தள்ளினால் வேர்க்கட்டு மண்ணோடு வந்துவிடும். செய்தித்தாளைப் பட்டையாக மடித்துச் செடியின் இடுப்பில் சுற்றி, இரு முனைகளையும் சேர்த்துப் பிடித்துத் தூக்குங்கள். சின்னச் செடிக்கு முனையில் ஸ்பாஞ்சு சுற்றிய இடுக்கி போதும். அந்த இடுக்கி மறுபடி சமையலறைக்குப் போகக் கூடாது. கனத்த பீப்பாய்க் கள்ளியைச் சாக்கில் உருட்டிச் சுற்றி இரண்டு பேராகத் தூக்குவதுதான் சரி. புதுத் தொட்டியில் வைத்ததும் ஒரு வாரம் தண்ணீர் வேண்டாம். அறுபட்ட வேர் ஆறட்டும், இல்லாவிட்டால் அழுகும்.

கையுறை போட்டுக்கொண்டால் போதும் என்பது பாதி உண்மை. வெல்டிங் வேலைக்கான தோல் கையுறை நீள முட்களைத் தடுக்கும். ஆனால் சுணை அதன் மேலேயே ஒட்டிக்கொண்டு, அடுத்த முறை அதைத் தொடும்போது உங்களைத் தேடி வரும். பின்னல் கையுறையை ஊடுருவியே வந்துவிடும். ஆகவே சுணையுள்ள கள்ளிக்குக் கையுறை போட்டிருந்தாலும் இடுக்கியை விடாதீர்கள். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். மின்விசிறிக்குக் கீழோ காற்றடிக்கும் மொட்டைமாடியிலோ இந்த வேலை வேண்டாம். போட்டிருந்த உடையை மற்ற துணிகளோடு ஊறவைக்காதீர்கள்.

சுணை ஏறிவிட்டால் தேய்க்காதீர்கள், பல்லால் கடித்து இழுக்காதீர்கள். நல்ல வெளிச்சத்தில் முள்வாங்கியால் கொத்துக்கொத்தாக எடுத்துவிட்டு, மிச்சத்துக்கு வெள்ளைப் பசையை மெல்லியதாகப் பூசி, மேலே காஸ் துணியை ஒட்டி, நன்றாகக் காய்ந்ததும் உரித்தெடுங்கள். 1987-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு பல முறைகளை ஒப்பிட்டது. முள்வாங்கிக்குப் பின் பசை என்ற இந்த வரிசைதான் அதிக முட்களை எடுத்தது. ஒட்டும் டேப் வெகுவாகப் பின்தங்கியது. நொடியில் ஒட்டும் பசை மட்டும் கூடவே கூடாது, அது தோலையும் சேர்த்து ஒட்டிவிடும். முகத்திலும் கண்ணருகிலும் எந்தப் பசையும் வேண்டாம். முள் தைத்த இடத்தில் எருக்கம்பால் வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடலாம். அந்தக் கை கண்ணுக்குப் போனால் கருவிழி கெடும்.

விரல் மூட்டில் ஆழமாகத் தைத்து உள்ளேயே முறிந்த முள் மூட்டழற்சியில் கொண்டுபோய் விடலாம். இத்தகைய முள் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரிய வாய்ப்பு அதிகம். “எக்ஸ்ரே நார்மல்” என்ற பிறகும் வீக்கம் வடியாவிட்டால் ஸ்கேன் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. மண் படிந்த முள் என்றால் டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்றும் பாருங்கள். சர்க்கரை நோயாளிகள் சின்னக் குத்தைக்கூட அலட்சியப்படுத்தக் கூடாது.

சதுரக்கள்ளி, திருகுகள்ளி, கிறிஸ்துமுள் எல்லாம் கள்ளி வரிசையிலேயே விற்றாலும் வேறு குடும்பம். இவற்றில் முள்ளைவிடப் பால்தான் ஆபத்து. ஒடிந்த கிளையிலிருந்து தெறித்துக் கண்ணில் பட்டால், உடனே ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டுக் கண் மருத்துவரிடம் போக வேண்டும். எரிச்சல் குறைந்துவிட்டதே என்று காத்திருக்க வேண்டாம். பார்வை மங்குவது சில மணி நேரம் கழித்துக்கூட வரலாம். செடியின் படத்தைக் கைப்பேசியில் எடுத்துப் போனால் மருத்துவருக்கு உதவும்.

இவ்வளவையும் வாங்குபவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்றால் விற்பவருக்கு என்ன வேலை? 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், உயிருக்கும் உடைமைக்கும் ஆபத்தான பொருள்களிடமிருந்து பாதுகாப்புப் பெறுவதை நுகர்வோர் உரிமையாகச் சொல்கிறது. பொருளின் தரம் பற்றி அறியும் உரிமையும் அதில் உண்டு. நூற்றைம்பது ரூபாய்ச் செடிக்காக யாரும் நுகர்வோர் ஆணையத்தின் படியேறப் போவதில்லை என்பது நிஜம்தான். ஆனாலும் செடியின் பெயரைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லலாம், சுணை உண்டா பால் உண்டா என்று கேட்கலாம், பில் வாங்கலாம். பொய் சொல்லி விற்றிருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம்.

வெட்டிய மடலையும் பழைய மண்ணையும் வெறும் குப்பைப் பையில் போட்டால், மறுநாள் காலை அதைத் தரம் பிரிக்கும் தூய்மைப் பணியாளரின் கையில்தான் அது ஏறும். கனத்த செய்தித்தாளில் சுற்றி, அட்டைப் பெட்டியில் வைத்து, டேப் ஒட்டி, மேலே பெரிய எழுத்தில் ‘முள்’ என்று எழுதுங்கள். தோட்டக் கழிவு என்று சொல்லித் தனியாக அவரிடம் கொடுங்கள்.