மாறாத ஒழுங்கைத் தேடும் பிள்ளைகள்



இம்மருத்துவமனை ஊழியத்தை ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் தாங்கி வருகிற உங்களில் பலர், குழந்தைகள் பிரிவைப் பார்வையிட வரும்போது என்னிடம் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "ஐயா, ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் ஏன் இத்தனை பிடிவாதமாக இருக்கிறார்கள்? தட்டு மாறினால் சாப்பிடுவதில்லை. போகிற தெரு மாறினால் தரையில் விழுந்து கதறுகிறார்கள். கண்டித்து வளர்க்காததுதான் காரணமோ?" என்று கேட்கிறீர்கள். அதற்கு விடையாகவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

சுருக்கமாகச் சொன்னால், அது பிடிவாதம் அல்ல, பற்றுக்கோடு. வயதானவர் மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பற்றிக்கொள்கிறார். அந்தக் கையைப் பிரித்துவிட்டு, "தைரியமாக இறங்குங்கள்" என்று யாரும் சொல்லமாட்டோம். இப்பிள்ளைகளுக்கு அன்றாட ஒழுங்கே அந்தக் கைப்பிடி.

முதன்முதல் கவனித்தவர்

அமெரிக்காவில் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர், 1943-இல் 11 பிள்ளைகளைக் குறித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். 8 பையன்கள், 3 பெண்கள். ஆட்டிசம் என்ற நிலையைத் தனியாகப் பிரித்துக் காட்டிய அக்கட்டுரையில், இரண்டு காரியங்களை அவர் முக்கியமாகக் குறித்தார். ஒன்று, பிறரோடு உறவாடுவதில் உள்ள வேறுபாடு. மற்றொன்று, எல்லாம் இருந்தபடியே இருக்கவேண்டும் என்ற பதற்றமான விருப்பம்.

அவர்களில் ஒரு சிறுவனின் குடும்பம் வீடு மாறியது. ஆட்கள் வந்து அவன் அறையின் கம்பளத்தைச் சுருட்டினதைக் கண்டதும் அவன் துடித்துப்போனான். புதிய வீட்டில் தன் மேசை நாற்காலிகள் பழையபடியே அடுக்கப்பட்டிருப்பதைப் பார்த்த பிறகே அவன் கலக்கம் தீர்ந்தது. ஒவ்வொரு சாமானையும் அன்போடு தட்டிக்கொடுத்துக்கொண்டே சுற்றிவந்தான் என்று கானர் எழுதுகிறார். நீண்ட நாள் பிரிந்திருந்த உறவினரைக் கண்டவன்போல் அவன் நடந்துகொண்டதைக் கவனியுங்கள்.

2013-இல் அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் வெளியிட்ட கண்டறிதல் விதிகளிலும், மாற்றமில்லாத ஒழுங்கை வற்புறுத்துவது ஆட்டிசத்தின் அடையாளங்களில் ஒன்றாகவே இருக்கிறது. ஒலி, ஒளி, மணம், தொடுதல் ஆகியவற்றை மிகுதியாகவோ குறைவாகவோ உணர்வதும் அதே விதிகளில் சேர்க்கப்பட்டுள்ளது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

காரணம் என்ன?

நாம் சந்தைக்குள் நுழையும்போது நூறு சத்தங்கள் காதில் விழுகின்றன. நம்முடைய மூளை வேண்டாதவற்றைத் தள்ளிவிட்டு, வேண்டியதை மட்டும் நமக்குத் தருகிறது. அடுத்து என்ன நடக்கும் என்பதையும் பெரும்பாலும் நாம் அறியாமலே கணித்துக்கொள்கிறோம். ஆட்டிசம் உள்ள பலருக்கு இந்த வடிகட்டலும் கணிப்பும் எளிதாக நடப்பதில்லை. மின்விசிறியின் ஓசை, குழல் விளக்கின் துடிப்பு, சட்டைக் கழுத்தின் உறுத்தல், பக்கத்து வீட்டுத் தாளிப்பின் நெடி ஆகிய அனைத்தும் ஒரே பலத்தோடு வந்து மோதுகின்றன. மனிதர்களின் முகக்குறிப்பும் பேச்சும் அதைவிடக் குழப்பமானவை.

இவற்றுக்கு நடுவே, தவறாமல் அதே விதமாக வருகிற ஒரு காரியம் கிடைத்தால் அதைப் பிடித்துக்கொள்வது இயல்பே. ஏழு மணிக்கு நீலத் தட்டில் மூன்று இட்லி. எட்டு மணிக்கு அதே தெரு, அதே பஸ், அதே ஜன்னலோர இருக்கை. அவை சரியாக நடந்தால் மனம் அடங்குகிறது. ஒன்று தவறினால், இனி எது தவறும் என்று தெரியாத பயம் உள்ளே பெருகுகிறது. கதறலும், காதைப் பொத்திக்கொள்வதும், தலையில் அடித்துக்கொள்வதும் அந்தப் பயத்தின் மொழி. கேட்டதை வாங்கித் தரச் செய்யும் அடம் வேறு. அடம்பிடிக்கிற பிள்ளை நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழும், கேட்டது கிடைத்ததும் நிறுத்தும். பயத்தில் அழுகிற பிள்ளைக்கு நாம் இருப்பதே தெரிவதில்லை. களைத்து ஓயும்வரை அதனால் நிறுத்தவும் முடிவதில்லை.

பிசாசின் கிரியையா? தாயின் குற்றமா?

ஒரு போதகனாக இதை வெளிப்படையாக எழுதவேண்டியிருக்கிறது. அசுத்த ஆவி என்று சொல்லி, இப்பிள்ளைகளைக் கூட்டத்தின் நடுவே நிறுத்தி, ஒலிபெருக்கி அதிரத் தலையைப் பிடித்து உலுக்குகிறவர்கள் உண்டு. சத்தத்துக்கும் தொடுதலுக்கும் நடுங்குகிற பிள்ளைக்கு அதைவிடக் கொடிய வேதனை இல்லை. ஆட்டிசம் மூளையின் வளர்ச்சியில் உள்ள வேறுபாடு. பிறப்பிலிருந்தே அது இருக்கிறது, பரம்பரைக்கும் அதில் பெரும்பங்கு உண்டு. ஜெபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மெல்லிய குரலில், பிள்ளைக்குப் பழகிய இடத்தில் ஜெபியுங்கள் என்கிறேன்.

தாயின் அன்புக் குறைவே காரணம் என்று ஒரு காலத்தில் மேல்நாட்டு மருத்துவர்களே எழுதிவந்தார்கள். 1964-இல் பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியல் அறிஞர் அதை ஆதாரங்களோடு மறுத்து நூல் எழுதினார். அவரே ஆட்டிசம் உள்ள ஒரு மகனுக்குத் தகப்பன். அந்தப் பழைய பழியை நம் சபைகளில் எந்தத் தாயின்மேலும் யாரும் மறுபடி சுமத்தாதிருப்பார்களாக.

மருத்துவமனையில் ஏன் இத்தனை துன்பம்?

பழகிய ஒழுங்குகள் யாவும் ஒரே நாளில் குலைகிற இடம் மருத்துவமனை. காத்திருக்கவேண்டும், எவ்வளவு நேரம் என்று தெரியாது. மருந்து வாசனை, வெள்ளை உடை, குளிர்ந்த ஸ்டெதஸ்கோப், முன்பின் தெரியாதவரின் கை, பிறகு ஊசி. ஆகவே காது வலியோ பல் வலியோ இருந்தும், பரிசோதிக்க முடியாமலே பிள்ளையைத் திரும்பக் கொண்டுபோகிற பெற்றோர் உண்டு. வலியைச் சொல்லவும் தெரியாத பிள்ளையாக இருந்தால் நோய் முற்றிய பிறகே தெரியவருகிறது. ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

பேச்சு வராத ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் எங்கள் வார்டில் சில நாள் இருந்தான். வீட்டில் தினமும் மாலை தன் செருப்புகளை வாசலில் வரிசையாக அடுக்குகிறவன், ஒரு வாரமாக அதைச் செய்யாமல் காதில் அடித்துக்கொண்டிருந்தான். "செருப்பைத் தொடவில்லை ஐயா, அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது" என்றார் அவன் தாயார். காதில் சீழ் பிடித்திருந்தது. அவனுடைய ஒழுங்கை அறிந்திருந்த தாயே நோயை முதலில் கண்டுகொண்டார்.

அவனுக்கென்று செவிலியர் சில ஏற்பாடுகளைச் செய்தார்கள். ஒரே செவிலியரே மருந்து கொடுத்தார். வீட்டிலிருந்து அவன் தட்டும் போர்வையும் வந்தன. மருந்து, காது பார்த்தல், சாப்பாடு, தூக்கம் என்று படம் வரைந்த அட்டைகள் கட்டிலருகே வரிசையாக மாட்டப்பட்டன. நடந்து முடிந்த அட்டையை அவனே கழற்றினான். நானும் மாலை நான்கு மணிக்கே சென்று, அதே இடத்தில் நின்று, அதே நான்கு வரி ஜெபத்தைச் சொல்லிவந்தேன். நான்காம் நாள், நான் வருமுன்னே ஒரு நாற்காலியை அந்த இடத்தில் கொண்டுவந்து வைத்திருந்தான்.

ஒழுங்கைப் பயன்படுத்திய ஒரு குடும்பம்

கானரின் 11 பிள்ளைகளில் முதல்வராகக் குறிக்கப்பட்டவர் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த டொனால்ட் டிரிப்லெட். சிறுவயதில், பகல் தூக்கத்திலிருந்து எழுந்தால் தாயார் குறிப்பிட்ட வார்த்தைகளைச் சொன்னபின்பே அவர் கட்டிலைவிட்டு இறங்குவார். ஒன்பது வயதளவில் ஒரு விவசாயத் தம்பதியின் வீட்டில் தங்கினார். அவர் சோள வரிசைகளை எண்ணிக்கொண்டே இருப்பதைக் கண்ட அத்தம்பதியர், உழுதுகொண்டே எண்ணும்படி விட்டார்கள். எதையும் அளந்துபார்க்கும் அவருடைய ஆர்வத்தைக் கண்டு, கிணறு தோண்டி அதன் ஆழத்தை அளந்து சொல்லச் செய்தார்கள். பின்னாளில் அவர் கல்லூரிப் படிப்பை முடித்தார், வங்கியில் வேலை செய்தார், கார் ஓட்டினார், கோல்ஃப் ஆடினார். தனியாகப் பல நாடுகளைச் சுற்றிப் பார்த்தார். 2023-இல் தம் 89-ஆம் வயதில் மரித்தார். எல்லாப் பிள்ளைகளும் அப்படி ஆவார்கள் என்று சொல்லமுடியாது, பலருக்கு வாழ்நாள் முழுவதும் உதவி தேவை. ஆனாலும் பிள்ளையின் ஒழுங்கோடு போராடாமல், அதற்கு ஒரு வேலையைக் கொடுத்த அந்த எளிய தம்பதியரிடம் நாம் கற்றுக்கொள்ள முடியும்.

வீட்டில் செய்யத்தக்கவை

ஒழுங்கைக் காப்பது என்றால் எதையும் மாற்றவே கூடாது என்பதல்ல. மழை வரும், பஸ் நிற்கும், பாட்டி மரிப்பார்கள். மாற்றத்துக்குப் பிள்ளையை ஆயத்தப்படுத்துவதே காரியம்.

1. அன்றைய வேலைகளைப் படமாக வரிசைப்படுத்திச் சுவரில் மாட்டுங்கள். அமெரிக்காவில் வட கரோலினா பல்கலைக்கழகத்தில் 1972-இல் எரிக் ஷாப்லர் தொடங்கிய பயிற்சித் திட்டத்தின் வழியாக இம்முறை உலகெங்கும் பரவியது. பழைய காலண்டர் அட்டையும் பென்சிலும் போதும்.

2. மாற்றத்தை முன்கூட்டியே சொல்லுங்கள். "மாற்றம்" என்பதற்கே ஒரு படம் வையுங்கள். முதலில் மகிழ்ச்சியான மாற்றங்களுக்கு அதைக் காட்டிப் பழக்குங்கள்.

3. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். தெரு மாறினால் துணைக்கு வருகிறவர் மாறவேண்டாம்.

4. உணவு இரண்டு மூன்று வகையாகச் சுருங்கினால் சத்துக்குறைவு உண்டாகும். வற்புறுத்தி ஊட்டாமல் மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.

5. பழகிய ஒழுங்கு திடீரென நின்றாலோ, மிகவும் இறுகினாலோ, உடலில் வலியோ மனதில் கலக்கமோ உண்டா என்று பாருங்கள்.

1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் ஆட்டிசத்தை ஏற்றுக்கொண்டிருக்கின்றன. உங்களுக்குத் தெரிந்த குடும்பங்களை மாற்றுத்திறனாளி சான்றிதழ் பெறும்படி ஏவுங்கள்.

சபை செய்யக்கூடியது

ஆலயச் சுவரில் அன்றைய பாட்டு எண்களை எழுதிவைக்கும் பலகையை நினைத்துப் பாருங்கள். அடுத்து என்ன வருகிறது, இன்னும் எத்தனை பாட்டு என்று நாம் எல்லாரும் அதைப் பார்த்தே அறிகிறோம். ஆட்டிசம் உள்ள பிள்ளைக்கு வேண்டியதும் அதுவே. முறையாக நடக்கும் ஆராதனை அவர்களில் பலருக்கு மிகவும் பிடிக்கும். அவர்கள் வழக்கமாக உட்காரும் இடத்தை விட்டுவையுங்கள். ஒலிபெருக்கியிலிருந்து அது தள்ளியிருக்கட்டும். பிள்ளை எழுந்து வெளியே போனால் திரும்பிப் பார்க்காதிருங்கள். கிறிஸ்துமஸ் காலத்தில் கீத பவனி நள்ளிரவில் மேளத்தோடு அவ்வீட்டுக் கதவைத் தட்டவேண்டாம். எந்த நாள், எத்தனை மணி, எந்தப் பாட்டு என்று முன்னரே சொல்லிவிட்டு, மாலையில் இரண்டு பேர் சென்று மெதுவாகப் பாடுங்கள்.

ஜலப்பிரளயத்துக்குப் பின் நோவாவுக்குக் கர்த்தர் தந்த ஆறுதல் என்ன? பகலும் இரவும் பருவங்களும் முறைதவறாமல் வந்துகொண்டேயிருக்கும் என்பதே (ஆதியாகமம் 8). உலகமே புரண்டுபோனதைக் கண்டவருக்கு ஒழுங்கையே தேவன் வாக்குத்தத்தமாகக் கொடுத்தார். அந்த ஒழுங்கைத் தேடி அழுகிற பிள்ளை விசித்திரமானதைக் கேட்கவில்லை.

உங்கள் ஜெபத்திற்கு

ஊசி போடுமுன் அரைமணி நேரம் பொறுமையாகக் காத்திருக்கும் எங்கள் செவிலியருக்காகவும், இரவில் தூங்காத தாய்மாருக்காகவும், "எங்களுக்குப் பின் இவனை யார் பார்ப்பார்?" என்று கலங்கும் முதிர்ந்த பெற்றோருக்காகவும் ஜெபியுங்கள். நீங்கள் அனுப்பும் காணிக்கையே அமைதியான ஓர் அறையையும், அவசரப்படாத நேரத்தையும் இப்பிள்ளைகளுக்குத் தருகிறது. உங்கள் சபையில் இப்படிப்பட்ட குடும்பம் ஒன்று வருவதை நிறுத்தியிருந்தால், இந்த வாரமே போய்ப் பாருங்கள். எந்த நேரம் வசதி என்று முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். அடுத்த வாரமும் அதே நேரத்துக்குப் போங்கள்.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்