மேக்கில் இருந்து ஹோம்ப்ரூவை மொத்தமாக நீக்கணுமா? டேட்டாபேஸை முதலில் காப்பாத்துங்க!

மேக் லேப்டாப்பில் கோடிங் வேலை பார்க்கிறவர்களுக்கு ஹோம்ப்ரூ புதுசு இல்லை. 2009-ல் மேக்ஸ் ஹவல் தொடங்கிய இந்த பேக்கேஜ் மேனேஜர், டெர்மினலில் ஒரு வரி தட்டினால் பைத்தான், நோட், போஸ்ட்கிரெஸ் என்று கேட்டதை இறக்கித் தரும். ஆனால் வேண்டாம் என்று முடிவு பண்ணினால், சாதாரண ஆப் மாதிரி குப்பைத் தொட்டிக்குள் இழுத்துப் போட முடியாது.

ஹோம்ப்ரூ போனால் அது கொண்டுவந்த பேக்கேஜ்களும் கூடவே போகும். அதன் பைத்தானை வைத்து உருவாக்கிய விர்ச்சுவல் என்விரான்மென்ட்கள் ஓடாது. அதனால் முதலில் 'ப்ரூ பண்டில் டம்ப்' கொடுத்து, என்னென்ன இருக்கு என்ற பட்டியலை ஒரு ஃபைலாக எடுத்து வைங்க.

பட்டியலில் இருப்பது பெயர்கள் மட்டும்தான், உங்க டேட்டா இல்லை. லோக்கல் போஸ்ட்கிரெஸில் ஆறு மாத டெஸ்ட் டேட்டா கிடக்குதா? அது ஹோம்ப்ரூவின் 'வார்' ஃபோல்டருக்குள்தான் இருக்கும். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே பேக்கப் எடுத்து வேறு இடத்தில் போட்டுவிட்டு, அப்புறம் 'ப்ரூ சர்வீசஸ்' மூலம் எல்லா சர்வீஸையும் நிறுத்துங்க. இந்த வரிசையை மாத்தாதீங்க.

நீக்குவதற்கான ஸ்கிரிப்டை ஹோம்ப்ரூவே கிட்ஹப்பில் வைத்திருக்கிறது. அங்கிருந்து மட்டும் எடுங்க. 'டிரை ரன்' ஆப்ஷனோடு ஓட்டினால் எதையும் அழிக்காமல், எதெல்லாம் போகும் என்று காட்டும். பார்த்துவிட்டு நிஜமாக ஓட்டலாம்.

"எதுக்கு ஸ்கிரிப்ட், ஃபோல்டரையே அழிச்சிடு" என்று யாராவது சொன்னால் கேட்காதீங்க. ஆப்பிள் சிப் மேக்கில் ஹோம்ப்ரூவுக்குத் தனி ஃபோல்டர் உண்டு. இன்டெல் மேக்கில் அது 'யூஎஸ்ஆர் லோக்கல்' ஃபோல்டரில் உட்கார்ந்திருக்கும். வேறு சாஃப்ட்வேர்களும் அங்கேதான் குடியிருக்கும், அதுவும் சேர்ந்து காலி. பழைய இன்டெல் மேக்கில் இருந்து எல்லாவற்றையும் புது மேக்குக்கு மாற்றியவர்கள் இரண்டு இடத்தையும் பாருங்க. ரெண்டு ஹோம்ப்ரூ இருக்க வாய்ப்பு உண்டு.

ஸ்கிரிப்ட் முடிந்ததும், தான் அழிக்காமல் விட்ட ஃபைல்களைப் பட்டியல் போடும். அதைப் படிக்காமல் ஜன்னலை மூடிடாதீங்க. கடைசியாக உங்க 'இசட்-ப்ரொஃபைல்' ஃபைலைத் திறந்து ஹோம்ப்ரூ வரியை எடுத்துவிடுங்க. இல்லையென்றால் டெர்மினலைத் திறக்கும்போதெல்லாம் எரர் எட்டிப் பார்க்கும்.

இப்போது புதுசா ஒரு டெர்மினல் திறந்து 'விச் ப்ரூ' என்று தட்டுங்க. 'நாட் ஃபவுண்ட்' என்று வந்தால் வேலை முடிஞ்சது.